எந்த எல்லைக்குள் இருக்கிறீர்கள்? கொங்குப் பேரூராட்சியில் புதிதாகக் குடியேறுவோருக்கான வழிகாட்டி

இந்த ஊருக்கு நான் குடிவந்த இரண்டாவது வாரத்தில் வீட்டுக்கு எதிரே இருந்த தெருவிளக்கு அணைந்துபோனது. வாடகை வீட்டின் சொத்து வரி ரசீதைப் பார்த்து, இது பேரூராட்சிப் பகுதி என்று உறுதி செய்துகொண்டு, அலுவலகத்தில் எழுதிக் கொடுத்தேன். நான்கு நாள் கழித்து வந்த பணியாளர் கம்பத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு, "ஏனுங்க, இந்தக் கம்பம் நம்முளுது இல்லீங்களே. ரோட்டுக்கு அக்கட்டால பஞ்சாயத்துங்க" என்று சொல்லி, வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். இருபதடித் தார்ச்சாலையின் இந்தப் பக்கம் பேரூராட்சி, அந்தப் பக்கம் ஊராட்சி. என் வாசலுக்கு வெளிச்சம் தந்த கம்பம் அந்தப் பக்கத்தில் நின்றது. இரண்டு மாதம் கழித்துத்தான் விளக்கு எரிந்தது.

கொங்கு நாட்டின் சிறிய ஊர் ஒன்றில் குடியேறும் எவருக்கும் முதலில் புரிய வேண்டியது இதுதான். ஊர் என்று நாம் ஒரே சொல்லால் அழைக்கும் இடத்தின்மீது நான்கைந்து வரைபடங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கின்றன. வருவாய்த் துறையின் கிராமம் ஒன்று, வரி வாங்கும் உள்ளாட்சி ஒன்று, தண்ணீர் திறந்துவிடும் பாசன எல்லை ஒன்று, வாக்களிக்கும் தொகுதி ஒன்று. இவற்றின் கோடுகள் எங்குமே முழுதாகப் பொருந்துவதில்லை. எந்த வேலை எந்தக் கோட்டுக்குள் வருகிறது என்று தெரிந்துகொண்டால் பாதி அலைச்சல் குறையும். ஈரோடு, திருப்பூர் மாவட்டங்களை மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன். கோவை, நாமக்கல், கரூர் பக்கமும் பெரும்பாலானவை பொருந்தும்.

முதல் படி: ஊரை நடந்து பாருங்கள்

அலுவலகங்களுக்குப் போவதற்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் ஊரைச் சுற்றி நடந்துவிடுவது நல்லது. காவிரிக் கரையின் கொடுமுடி போன்ற ஊர்களை விட்டுவிட்டால், கொங்கின் சிறிய ஊர்கள் பெரும்பாலும் மேட்டுநிலத்தில் அமைந்தவை. மேற்கு மலைத்தொடரின் மழை மறைவில் இருப்பதால் ஈரோடு, திருப்பூர்ப் பக்கத்துச் சமவெளியில் ஆண்டுக்கு ஏறக்குறைய 600 முதல் 700 மில்லிமீட்டர் மழையே கிடைக்கிறது. அதிலும் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில் பெய்துவிடுகிறது. ஆனி, ஆடி மாதங்களில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று புழுதியைத்தான் கொண்டுவரும். அந்தக் காற்றை நம்பித்தான் பல்லடம், உடுமலை, தாராபுரம் பக்கம் காற்றாலைகள் நிற்கின்றன.

ஊரின் நடுவில் கோயில், பேருந்து நிலையம், சந்தைத் திடல், பேரூராட்சி அலுவலகம் ஆகியவை ஒன்றுக்கொன்று கூப்பிடு தூரத்தில் இருக்கும். அதைச் சுற்றி வளவுகளும் தெருக்களும் இருக்கும். அதற்கு வெளியேதான் புதிதாக வருபவர்கள் குழம்பும் பகுதி தொடங்குகிறது. தஞ்சைப் பக்கத்தைப் போல வீடுகள் எல்லாம் ஒரே இடத்தில் நெருங்கி, வயல் வெளியே விரிந்து கிடப்பதில்லை. இங்கே உழவர்கள் பலர் தத்தம் தோட்டத்திலேயே சாளை என்னும் தோட்டத்து வீடு கட்டி வாழ்கிறார்கள். ஒரு தோட்டத்திலிருந்து அடுத்த தோட்டத்துக்குப் போக இருபுறமும் கிளுவை வேலி அடர்ந்த இட்டேரி இருக்கும். இந்தச் சாளைகளுக்குத் தெருப்பெயரும் கிடையாது, பல இடங்களில் கதவு எண்ணும் நினைவில் இருக்காது. தோட்டத்தின் பெயரே முகவரி. கூரியர்காரருக்கு வழி சொல்லும்போது "பள்ளம் தாண்டி இடக்கைப் பக்கம் இரண்டாவது இட்டேரி" என்று சொல்லப் பழகிக்கொள்ளுங்கள். இங்கே பள்ளம் என்றால் தாழ்ந்த நிலம் மட்டுமில்லை, மழைக்காலத்தில் நீரோடும் ஓடைக்கும் அதுதான் பெயர். பள்ளத்தின் கரையை ஒட்டி மலிவாக மனை கிடைக்கிறதென்றால், அது ஏன் மலிவு என்று கார்த்திகை மாதம் சொல்லிவிடும்.

ஊர்ப்பெயர்களையும் கவனியுங்கள். பாளையம், வலசு, தொழுவு, புதூர், காடு என்று முடியும் பெயர்களில் குடியேற்றத்தின் வரலாறு ஒட்டிக்கொண்டிருக்கிறது. வலசு என்பது தாயூரிலிருந்து வலசை போனவர்கள் அமைத்த சிற்றூர். இதைவிட முக்கியம் பெயரின் முன்னால் வரும் சொற்கள். வடமுகம் வெள்ளோடு, தென்முகம் வெள்ளோடு என்பவை இரண்டு தனிக் கிராமங்கள். நஞ்சை லக்காபுரமும் புஞ்சை லக்காபுரமும் அப்படியே. பேச்சில் எல்லாரும் முன்சொல்லை விட்டுவிட்டு வெள்ளோடு, லக்காபுரம் என்றுதான் சொல்வார்கள். நீங்களும் அப்படியே விண்ணப்பத்தில் எழுதினால் அது வேறு கிராமத்தின் கணக்கில் போய் விழும்.

இரண்டாம் படி: வருவாய்க் கிராமத்தைக் கண்டுபிடியுங்கள்

நிலம், சான்றிதழ், பட்டா ஆகிய எல்லாவற்றுக்கும் அடிப்படை வருவாய்க் கிராமமே. இது நில அளவையின்போது வகுக்கப்பட்ட எல்லை. உள்ளாட்சி எல்லை பலமுறை மாறினாலும் இது அவ்வளவு எளிதில் மாறுவதில்லை. ஒரு பேரூராட்சிக்குள் இரண்டு மூன்று வருவாய்க் கிராமங்களின் பகுதிகள் இருக்கலாம். ஒரே வருவாய்க் கிராமத்தின் ஒரு பாதி பேரூராட்சியிலும் மறுபாதி பக்கத்து ஊராட்சியிலும் கிடக்கலாம்.

கிராமத்துக்கு அலுவலர் கிராம நிர்வாக அலுவலர். பரம்பரையாக வந்த கர்ணம், மணியம் பதவிகள் 1980 நவம்பரில் நீக்கப்பட்டுவிட்டாலும், வயதானவர்கள் இன்றும் அவரை மணியகாரர் என்றுதான் சொல்வார்கள். அவருடைய உதவியாளர் தலையாரி. அவருக்கு மேலே சில கிராமங்கள் சேர்ந்த உள்வட்டத்துக்கு வருவாய் ஆய்வாளர், அதற்கு மேலே வட்டாட்சியர் என்கிற தாசில்தார், பிறகு கோட்டாட்சியர், கடைசியில் ஆட்சியர். உள்வட்டத்தைப் பிர்கா என்றும் வட்டத்தைத் தாலுகா என்றும் சொன்னால்தான் பேருந்தில் பக்கத்தில் இருப்பவருக்குப் புரியும். வாடகைக்கு வருபவர்கூட இந்த ஏணியைத் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டும். வருமானச் சான்று, சாதிச் சான்று, இருப்பிடச் சான்று போன்றவற்றுக்கு இ-சேவை மையத்தில் 60 ரூபாய் கட்டி விண்ணப்பித்தாலும், விண்ணப்பம் இந்த ஏணியில்தான் ஏறி இறங்கும். "விஏஓகிட்டப் போயிருச்சு, ஆர்ஐகிட்ட நிக்குது" என்று மையத்தில் சொன்னால், எந்தப் படியில் நிற்கிறது என்று அப்போதுதான் உங்களுக்குப் புரியும்.

வாடகை வீடாக இருந்தாலும் வீட்டுக்காரரிடம் புல எண்ணை, அதாவது சர்வே நம்பரை, கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். வருவாய்த் துறையின் இணையதளத்தில் மாவட்டம், வட்டம், கிராமம், புல எண் ஆகியவற்றைக் கொடுத்தால் பட்டா விவரமும், அந்தப் புலத்தின் எல்லைகளைக் காட்டும் புலப்படமும் கட்டணமின்றிக் கிடைக்கும். இதில் ஒரு சிறு பொறி உண்டு. தளம் முதலில் ஊரகமா நகரமா என்று கேட்கும். பேரூராட்சி நகர்ப்புற உள்ளாட்சிதானே என்று நகரத்தைத் தொட்டால் உங்கள் ஊர்ப்பெயரே பட்டியலில் வராமல் போகலாம். நகர அளவை நடக்காத பல பேரூராட்சிகளின் நிலம் இன்னும் ஊரகக் கணக்கில்தான் இருக்கிறது.

மூன்றாம் படி: பேரூராட்சியா, ஊராட்சியா?

தமிழ்நாட்டில் ஊரகத்துக்கும் நகரத்துக்கும் இடையில் நிற்கும் அமைப்பு பேரூராட்சி. 2022 பிப்ரவரி 19 அன்று நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தல் நடந்தபோது மாநிலத்தில் ஏறக்குறைய 490 பேரூராட்சிகள் இருந்தன. அதில் ஈரோடு மாவட்டத்தில் மட்டும் 42. அதே மாவட்டத்தில் 14 ஊராட்சி ஒன்றியங்களில் 225 ஊராட்சிகள். ஆகவே எந்தப் பக்கம் ஐந்தாறு கிலோமீட்டர் போனாலும் ஒரு பேரூராட்சி எல்லையைத் தாண்டுவீர்கள். பெருந்துறையும் கருமாண்டிசெல்லிபாளையமும் பல்லாண்டுகள் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு பேரூராட்சிகளாக இருந்தன; கடைவீதியில் நடக்கும் வெளியூர்க்காரருக்கு எங்கே ஒன்று முடிந்து மற்றது தொடங்கியது என்று சொல்லத் தெரிந்திருக்காது.

உள்ளாட்சியின் வகையும் நிலையானதில்லை. 2004இல் பேரூராட்சிகள் சிறப்பு ஊராட்சிகளாக மாற்றப்பட்டு, 2006இல் மறுபடியும் பேரூராட்சிகளாயின. இந்த இரண்டு ஆண்டுகளில் வந்த வரி ரசீதும் கட்டட அனுமதியும் வேறு தலைப்பில் இருந்தால் அது போலி என்று பயந்துவிட வேண்டாம். 2025 தொடக்கத்தில் அவிநாசி, பெருந்துறை போன்றவை நகராட்சியாக உயர்த்தப்பட்டன. அதனால் வீட்டுக்காரர் சொல்வதை மட்டும் நம்பாமல், கடைசி அரையாண்டின் வரி ரசீதைக் கையில் வாங்கி, தலைப்பில் எந்த அமைப்பின் பெயர் இருக்கிறது, வார்டு எண் என்ன, வரிவிதிப்பு எண் என்ன என்று பாருங்கள். இந்த மூன்றும் தெரிந்தால் உள்ளாட்சி அலுவலகத்தில் உங்களை யாரும் திருப்பி அனுப்ப மாட்டார்கள்.

இரண்டுக்கும் உள்ள வேறுபாடு பெயரளவில் நிற்பதில்லை. ஊராட்சிகளை 1994ஆம் ஆண்டு ஊராட்சிகள் சட்டம் ஆள்கிறது. பேரூராட்சிகளுக்கு நெடுங்காலம் 1920ஆம் ஆண்டு மாவட்ட நகராட்சிகள் சட்டம் இருந்தது. 1998ஆம் ஆண்டு நகர்ப்புற உள்ளாட்சிச் சட்டம் 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்து அதன் இடத்தைப் பிடித்தது. ஊராட்சியில் குடியிருப்பவர் உள்ளாட்சித் தேர்தலில் நான்கு வாக்குகள் போடுகிறார்: வார்டு உறுப்பினர், ஊராட்சித் தலைவர், ஒன்றியக் கவுன்சிலர், மாவட்டக் கவுன்சிலர். நான்கும் வெவ்வேறு நிறச் சீட்டுகள். தலைவரை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுக்கிறார்கள். தலைவர், வார்டு உறுப்பினர் தேர்தல்களில் கட்சிச் சின்னம் கிடையாது. பேரூராட்சியில் குடியிருப்பவருக்கு ஒரே வாக்குதான், அதுவும் வார்டுக் கவுன்சிலருக்கு; கட்சிச் சின்னத்தில் வென்றுவந்த கவுன்சிலர்கள் கூடித் தங்களுக்குள் தலைவரைத் தேர்கிறார்கள். ஆகவே பேரூராட்சியில் உங்கள் குறையை முதலில் எடுத்துப் போக வேண்டிய ஆள் வார்டுக் கவுன்சிலர். ஊராட்சியில் தலைவரிடம் நேரே போகலாம். தலைவர் இல்லாத காலமும் வரும். 2019 டிசம்பரில் தேர்தல் நடந்த மாவட்டங்களில், கொங்கு மாவட்டங்களும் அவற்றில் அடக்கம், ஊராட்சிப் பிரதிநிதிகளின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5இல் முடிந்து, நிர்வாகம் தனி அலுவலர்களிடம் போனது. அப்படிப்பட்ட நேரத்தில் ஊராட்சிச் செயலரும், அவருக்கு மேலே ஒன்றிய அலுவலகத்தில் உள்ள வட்டார வளர்ச்சி அலுவலருமே உங்கள் கையெழுத்துக்காரர்கள்.

பேரூராட்சி அலுவலகத்தின் தலைமை அலுவலர் செயல் அலுவலர். எல்லாரும் ஈஓ என்பார்கள். வருமானத்தைப் பொறுத்து இரண்டாம் நிலை, முதல் நிலை, தேர்வு நிலை, சிறப்பு நிலை என்று பேரூராட்சிகளுக்கு நான்கு தரங்கள் உண்டு. தரம் உயர்ந்தால் ஊழியர் எண்ணிக்கை கூடும். ஆனால் சிறிய பேரூராட்சியில் உங்களுக்கு அன்றாடம் வேண்டியவர்கள் இரண்டே பேர், வரி வாங்கும் பில் கலெக்டரும் தண்ணீர் திறந்துவிடுபவரும். ஈஓ மாறுதலாகிப் போய்க்கொண்டே இருப்பார். இந்த இருவரும் ஊர்க்காரர்களாக இருப்பதே வழக்கம். எந்தத் தெருவின் குழாய் எந்தத் தொட்டியிலிருந்து வருகிறது என்பது அவர்கள் தலைக்குள்தான் இருக்கிறது.

வரியை அரையாண்டுக்கு ஒருமுறை கட்ட வேண்டும், ஏப்ரலில் ஒன்று, அக்டோபரில் ஒன்று. அரையாண்டு தொடங்கி முதல் 30 நாளுக்குள் சொத்து வரியைக் கட்டிவிட்டால் 5 விழுக்காடு ஊக்கத்தொகை கழியும். ஊராட்சியில் வீட்டு வரி ஆண்டுக்கு ஒருமுறை, தொகையும் குறைவு. வரி குறைவு என்பதற்காகவே ஊராட்சி எல்லையில் மனை தேடுபவர்கள் உண்டு. அது அவரவர் கணக்கு. ஆனால் ஊரக வேலைத் திட்டம் ஊராட்சிகளுக்கு மட்டுமே என்பதால், பக்கத்து ஊராட்சியைப் பேரூராட்சியோடு சேர்க்கும் பேச்சு வரும்போதெல்லாம் அங்குள்ள பெண்கள் சாலையில் வந்து உட்கார்வதன் நியாயம், இந்த எல்லைக் கணக்கைத் தெரிந்தவருக்குத்தான் புரியும்.

இன்னொன்று. ஊராட்சியில் கிராம சபை உண்டு. குடியரசு நாள், மே நாள், சுதந்திர நாள், காந்தி பிறந்தநாள் ஆகிய நான்கோடு மார்ச் 22, நவம்பர் 1 ஆகிய நாள்களிலும் கூடும். வாக்காளர் எவரும் எழுந்து வரவு செலவைக் கேட்கலாம். பேரூராட்சியில் கிராம சபை கிடையாது. அங்கே நடப்பது மன்றக் கூட்டம், பேசுவது கவுன்சிலர்கள். தீர்மானங்களின் நகல் வேண்டுமென்றால் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய்க் கட்டணத்தோடு எழுதிக் கேட்கலாம். 30 நாளுக்குள் பதில் தர வேண்டும்.

நான்காம் படி: தண்ணீர் எந்தக் கணக்கில் வருகிறது

வீட்டுக்குள் இரண்டு குழாய் இருந்தால் வியக்காதீர்கள். ஒன்றில் வருவது ஆற்றுத் தண்ணீர். காவிரியிலோ பவானியிலோ எடுத்துக் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தில் வருவது. மற்றதில் வருவது ஆழ்குழாய்க் கிணற்றின் உப்புக் கலந்த சப்பைத் தண்ணீர். ஆற்றுத் தண்ணீர் வாரத்தில் எத்தனை நாள், எந்த நேரம் என்பது தெருவுக்குத் தெரு மாறும். குடிவரும் முன்பே பக்கத்து வீட்டு அக்காவிடம் கேளுங்கள், "நல்ல தண்ணி எத்தன நாளைக்கு ஒருக்கா வருதுங்க?" என்று. வீட்டுக்காரர் சொல்லும் பதிலுக்கும் அந்த அக்கா சொல்லும் பதிலுக்கும் உள்ள தூரத்தைப் பொறுத்து தொட்டியின் அளவைத் தீர்மானித்துக்கொள்ளலாம். ஆழ்குழாய்க் கிணறு தோண்டலாம் என்று நினைத்தால், மேட்டுப் பகுதிகளில் ஆயிரம் அடி போவது இப்போது புதிதில்லை. திருச்செங்கோட்டு ரிக் வண்டிக்காரர்கள் அடிக்கணக்கில்தான் பணம் கேட்பார்கள், தண்ணீர் வந்தாலும் வராவிட்டாலும்.

நிலம் வாங்க நினைப்பவர்கள் பாசன வரைபடத்தையும் அறிய வேண்டும். இதில் அரைகுறை அறிவு நிறையப் பணத்தைக் கொண்டுபோய்விடும். ஈரோட்டுப் பக்கம் மிகப் பெரியது கீழ்பவானி வாய்க்கால். 1955இல் முடிந்த பவானிசாகர் அணையிலிருந்து ஏறக்குறைய 200 கிலோமீட்டர் ஓடி, 2,07,000 ஏக்கருக்குப் பாய்கிறது. ஆனால் எல்லா நிலத்துக்கும் எல்லா ஆண்டும் ஒரே முறையில் பாயாது. மதகுகள் ஒற்றைப்படை, இரட்டைப்படை என்று இரண்டாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொரு பாதியும் 1,03,500 ஏக்கர். ஒரு பாதிக்கு ஆகஸ்ட் 15 வாக்கில் நெல்லுக்குத் தண்ணீர் திறந்து 120 நாள் விடுவார்கள். மற்றப் பாதிக்குத் தை மாதத்தை ஒட்டி நிலக்கடலை, எள் போன்ற புஞ்சைப் பயிர்களுக்குத் திறப்பார்கள். அடுத்த ஆண்டு முறை மாறும். தரகர் "வாய்க்காப் பாசனங்க" என்று மட்டும் சொன்னால் போதாது. எந்த மதகு, எந்தக் கிளை, பாசனம் பெறும் நிலங்களைக் குறித்த ஆயக்கட்டுப் பதிவேட்டில் அந்தப் புல எண் உண்டா என்று பாசன சபைக்காரரிடமோ நீர்வளத் துறைப் பிரிவு அலுவலகத்திலோ கேட்டுத் தெளிந்த பிறகே முன்பணம் கொடுக்க வேண்டும்.

வாய்க்காலுக்கு மேற்புற நிலமும் கீழ்ப்புற நிலமும் கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரியலாம். வாய்க்காலின் கசிவுநீரால் கீழ்ப்புறக் கிணறுகளில் கோடையிலும் தண்ணீர் நிற்கும். நூறடி தள்ளி மேற்புறத்தில் இருக்கும் கிணற்றில் அது இருக்காது. இதை எந்தப் பத்திரமும் சொல்லாது. சித்திரையில் போய்க் கிணற்றை எட்டிப் பார்ப்பதுதான் வழி.

ஈரோட்டை ஒட்டிய காலிங்கராயன் வாய்க்கால் 13ஆம் நூற்றாண்டில் வெட்டப்பட்டது. ஏறக்குறைய 90 கிலோமீட்டர் வளைந்து வளைந்து ஓடுகிறது. அதன் ஆயக்கட்டின் கணக்கு தனி. பல்லடம், பொங்கலூர், காங்கேயம், வெள்ளகோவில் பக்கம் போனால் பரம்பிக்குளம் – ஆழியாறு திட்டம். அங்கே நான்கு மண்டலங்களாகப் பிரித்து முறைவைத்துத் தண்ணீர் விடுகிறார்கள். பெருந்துறை, அவிநாசி, அன்னூர்ப் பக்கத்துக் குளம் குட்டைகளுக்கு 2024 ஆகஸ்ட் 17இல் தொடங்கிய அத்திக்கடவு – அவிநாசித் திட்டத்தின் குழாய்கள் வருகின்றன. காலிங்கராயன் அணைக்கட்டுக்குக் கீழே பவானியில் கிடைக்கும் உபரிநீரில் 1.5 டிஎம்சியை இறைத்து 1,045 குளம் குட்டைகளை நிரப்புவது அதன் நோக்கம். உங்கள் ஊர்க் குட்டை அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று விசாரியுங்கள். கிணற்று நீர்மட்டத்தோடு நேரடித் தொடர்புள்ள கேள்வி அது.

குளம் தூர்ந்துபோனால் யாரிடம் சொல்வது என்பதும் எல்லைச் சிக்கல்தான். பொதுவான கணக்கு, ஊரகப் பகுதியில் 40 ஹெக்டேருக்குக் குறைந்த ஆயக்கட்டு உள்ள ஏரி குளங்கள் ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பு, அதற்கு மேற்பட்டவை நீர்வளத் துறையின் பொறுப்பு.

ஐந்தாம் படி: பத்திரத்தில் உள்ள தடம், தரையில் உள்ள தடம்

நிலமோ மனையோ வாங்காதவர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிப் போகலாம். வாங்குபவர்கள் இரண்டுமுறை படிப்பது நல்லது.

கொங்குப் பக்கத்துப் பத்திரங்களின் நடை புதியவருக்கு மலைப்பாக இருக்கும். பழைய க.ச. எண், புதிய ரீ.ச. எண் என்று இரண்டு எண்கள் வரும்; ரீ.ச. என்றால் ரீசர்வே, அதாவது மறு அளவை. நிலத்தைக் காலை என்று எழுதியிருப்பார்கள், பு.ஏ. என்றால் புஞ்சை ஏக்கர். பத்திரத்தில் ஏக்கரும் சென்ட்டும் இருக்க, பட்டாவில் ஹெக்டேரும் ஏரும் இருக்கும். ஒரு ஏர் என்பது 100 சதுர மீட்டர், ஏறக்குறைய 2.47 சென்ட், ஒரு சென்ட் 435.6 சதுர அடி. இரண்டையும் பெருக்கிப் பார்த்து ஒப்பிடாமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

கடைசிப் பக்கத்தில் "மாமூல் தடத்தில் ஆள், வண்டி வாகனம், கால்நடைகள் போகவர உள்ள தடபாத்தியம்" என்பது போன்ற ஒரு வரி வரும். இந்த ஒரு வரியில்தான் கொங்கு நாட்டின் பாதி வழக்குகள் குடியிருக்கின்றன. தடம் இரண்டு வகை. புலப்படத்தில் தனி எண்ணோடு வண்டிப்பாதையாகக் காட்டப்பட்டிருந்தால் அது அரசு நிலம். யாரும் வேலி போட்டு அடைக்க முடியாது. அப்படி இல்லாமல் பக்கத்துத் தோட்டக்காரரின் பட்டா நிலத்தின் வழியே, அவருடைய தாத்தா காலத்து ஒப்புதலில் போய்வரும் தடமாக இருந்தால், உங்கள் உரிமை பத்திர வாசகத்தின் வலுவைப் பொறுத்தது. அகலம் எத்தனை அடி, எந்தப் புல எண்ணின் எந்தப் பக்கமாக வருகிறது என்று எழுதாமல் மாமூல் தடம் என்று மட்டும் எழுதியிருந்தால், மாட்டு வண்டிக்கு இசைந்தவர் கான்கிரீட் லாரிக்கும் இசைவார் என்று நினைக்கக் கூடாது. புலப்படத்தை எடுத்துக்கொண்டு, இட்டேரியின் தொடக்கத்திலிருந்து உங்கள் எல்லைக் கல் வரை நடந்து, ஒவ்வொரு திருப்பத்திலும் எந்தப் புல எண்ணில் நிற்கிறீர்கள் என்று குறித்துப் பாருங்கள்.

ஓடைப் புறம்போக்கு, குட்டைப் புறம்போக்கு ஆகியவற்றை ஒட்டிய நிலத்தை நில அளவர் அளந்து காட்டாமல் வாங்கவே வேண்டாம்.

வீடு கட்டுவது இப்போது ஓரளவு எளிது. 2,500 சதுர அடி வரையுள்ள மனையில் 3,500 சதுர அடிக்குள் தரைத்தளமோ அதன்மேல் ஒரு மாடியோ கட்டுவதற்கு 2024 ஜூலை முதல் சுயசான்று முறையில் இணையத்திலேயே அனுமதி கிடைக்கிறது. ஆனால் மனைப்பிரிவு அங்கீகாரம் பெற்றதா என்பதை அதற்கு முன்பே பார்த்துவிட வேண்டும்.

ஆறாம் படி: குடும்ப அட்டை, வாக்கு, பிறப்புச் சான்று

குடும்ப அட்டை மாற்றம் வட்ட வழங்கல் அலுவலரிடம் போகும். வாக்காளர் பட்டியலில் முகவரி மாற்றத்துக்குப் படிவம் 8. பிறப்பு, இறப்பைப் பொறுத்தவரை, 21 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும் என்பது எல்லாருக்கும் தெரியும். எங்கே என்பதில்தான் பிசகு நேர்கிறது. நீங்கள் குடியிருக்கும் ஊரில் பதியக் கூடாது, நிகழ்வு நடந்த ஊரில் பதிய வேண்டும். பேரூராட்சியில் இருப்பவருக்கு ஈரோட்டு மருத்துவமனையில் குழந்தை பிறந்தால் பதிவும் சான்றும் ஈரோட்டில்தான். தோட்டத்துச் சாளையில் முதியவர் காலமானால், அது ஊராட்சிப் பகுதியென்றால் கிராம நிர்வாக அலுவலரிடம், பேரூராட்சிப் பகுதியென்றால் பேரூராட்சி அலுவலகத்தில்.

தொகுதி விஷயத்தில் மாவட்ட எல்லையை நம்பாதீர்கள். காங்கேயமும் தாராபுரமும் 2009இல் உருவான திருப்பூர் மாவட்டத்தைச் சேர்ந்தவை. ஆனால் ஈரோடு மக்களவைத் தொகுதிக்குள் வருகின்றன. ஈரோடு மாவட்டத்துப் பெருந்துறையோ திருப்பூர் மக்களவைத் தொகுதிக்குள் வருகிறது. அஞ்சல் குறியீட்டு எண்ணும் அப்படித்தான். காங்கேயத்தின் 638701 ஈரோட்டு வரிசையைச் சேர்ந்த எண். இணையப் படிவம் அஞ்சல் எண்ணைப் பார்த்துத் தானாக மாவட்டத்தை நிரப்பினால், அனுப்பும் முன் ஒருமுறை சரிபாருங்கள்.

ஏழாம் படி: குறையை எங்கே, எப்போது சொல்வது

சாலையில் பள்ளம் விழுந்திருந்தால் முதலில் பக்கத்துக் கிலோமீட்டர்க் கல்லின் தலையைப் பாருங்கள். மஞ்சள் தலை என்றால் தேசிய நெடுஞ்சாலை, பச்சை என்றால் மாநில நெடுஞ்சாலை. இவற்றைப் பற்றிப் பேரூராட்சியில் எழுதிக் கொடுத்துப் பயனில்லை, நெடுஞ்சாலைக்காரர்களிடம்தான் போக வேண்டும். கல்லே இல்லாத தெருச்சாலை உள்ளாட்சியின் பொறுப்பு. பேரூராட்சியின் நடுவே போகும் பெரிய சாலை நெடுஞ்சாலைத் துறையுடையதாகவும், அதன் ஓரச் சாக்கடையும் விளக்கும் பேரூராட்சியுடையதாகவும் இருப்பதுண்டு. மின்தடை மின்வாரியப் பிரிவு அலுவலகத்துக்கு; அங்கே உங்கள் பெயரைக் கேட்க மாட்டார்கள், சர்வீஸ் நம்பரைத்தான் கேட்பார்கள்.

கீழ்நிலையில் வேலை ஆகவில்லையென்றால் திங்கட்கிழமைதோறும் ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாளில் மனு கொடுக்கலாம். 1100 என்ற முதல்வர் உதவி எண்ணிலும் பதியலாம். என் தெருவிளக்கு எரிந்தது இப்படியொரு மனுவுக்குப் பிறகுதான். நிலம், பட்டா, தடம் பற்றிய குறையானால் அவசரப்படாமல் ஜமாபந்திக்குக் காத்திருப்பது நல்லது என்பது என் அனுபவம். வருவாய்த் துறையின் கணக்கு ஆண்டான பசலி ஆண்டு ஜூன் கடைசியில் முடிவதால், அதற்கு முன்னர் மே, ஜூன் வாக்கில் ஒவ்வொரு தாலுகா அலுவலகத்திலும் உள்வட்டம் உள்வட்டமாக நாள் குறித்துக் கிராமக் கணக்குகளைத் தணிக்கை செய்வார்கள். உங்கள் கிராமத்தின் பயிர்க் கணக்கான அடங்கலும் நிலக் கணக்கான அ-பதிவேடும் அன்று கிராம நிர்வாக அலுவலரின் மேசையில் விரிந்திருக்கும். நில அளவரும் வருவாய் ஆய்வாளரும் அதே கூடத்தில் இருப்பார்கள். மற்ற நாளில் மூன்று அலுவலகங்களில் தேட வேண்டிய மூவரையும் அன்று ஒரே இடத்தில் பார்க்கலாம். மனுவில் வருவாய்க் கிராமத்தின் முழுப்பெயரை, வடமுகமோ தென்முகமோ விடாமல் எழுதி, புலப்பட நகலையும் வரி ரசீது நகலையும் இணைத்து, பத்து மணிக்கு முன்பே போய்விடுங்கள். மத்தியானத்துக்கு மேல் கூட்டம் கூடிவிடும்.